எட்டுப் பேர் போதுமாம்

— நாப்பது பேர வரிசையா நிக்க வச்சு, முப்பத்திரண்டு பேர வீட்டுக்குப் போகச் சொல்லிட்டான் அந்த லியோனார்டு, கேட்டியா ராக்காயி! எட்டுப் பேர் போதுமாம். மாதா கோயில் கொயருக்குப் பாட ஆள் எடுக்கிறானா, நாலு நாலு பேரா மாஜோங் ஆட ரெண்டு மேசைக்கு ஆள் சேக்குறானா?

— உங்களையுமா போகச் சொன்னாரு, இசபெல்லா அக்கா?

— என்னைத்தான் மொதல்ல! கிறிஸ்மஸ் பூசையில தனியா பாடுறது யாரு? இருவது வருசமா நான்தானே? அந்தப் பாட்டத்தான் புடுங்கிட்டான். "ஆன்ட்டி, உங்க குரல் ஆடுது"ங்கிறான். ஆடாம? இந்த வயசுல முட்டி ஆடுது, பல்லு ஆடுது, குரல் மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குமா லா?

— உக்காருங்கக்கா. கோப்பி கலக்கவா?

— கலக்கு. சீனி கம்மியா. நான் கோள் சொல்ல வரல, காரியமா வந்திருக்கேன். லியோனார்டுக்கு நீ வேலிக்கு வேலி பக்கத்து வீடு. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் என்கூட வந்து பாதர்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். "அவன் வீட்டுச் சத்தத்துல மனுசன் குடியிருக்க முடியல"ன்னு. அவ்வளவுதான்.

— நான் மாரியம்மன் கோயில் ஆளுக்கா. நான் சொன்னா உங்க பாதர் கேப்பாரா?

— நீ சொன்னாத்தான் கேப்பாரு. நாங்க சொன்னா பொறாமைம்பாரு. இந்தக் கிறிஸ்மஸ் நல்லபடியா முடிஞ்சா கொயர் மாஸ்டர் வேலை அவனுக்கேன்னு சொல்லிட்டாரு. முடியலன்னா அவன் ஹாலந்துக்கே திரும்பிப் போயிருவான். போகட்டும்! எனக்கு என் பாட்டு வேணும்.

— கஸ்பார் கிராணி மகன்தானே அவரு? வக்கீலுக்குப் படிக்கத்தானே சீமைக்கு அனுப்பினாங்க?

— வக்கீலுக்குத்தான். கோலா கங்சார் பக்கம் தோட்டத்துல கிராணியா கணக்கெழுதி, தொர கழிச்சுப் போட்ட கோட்டையே கல்யாணத்துக்கும் எழவுக்கும் மாட்டிக்கிட்டுப் போயி கஸ்பார் மிச்சம் புடிச்ச காசு அது. மகன் லண்டன்ல எறங்கி ஒரு வருசம் சட்டம் படிச்சானாம். ஒரு நாள் எவனோ பழைய பாட்டு பாடுறத கேட்டானாம். சட்டம் போச்சு. முந்நூறு வருசத்துக்கு முந்தின பாட்ட, முந்நூறு வருசத்துக்கு முந்தி எப்படிப் பாடினாங்களோ அப்படியே பாட வைக்கிறதுதான் இப்ப அவன் தொழில். ஹாலந்துல இவன் முன்னால நின்னு கைய ஆட்டுவானாம், அங்க உள்ளவங்க பாடுவாங்களாம், சனம் டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்து கேக்குமாம்.

— எப்படிப் பாடினாங்கன்னு இவருக்கு எப்படிக்கா தெரியும்?

— அதத்தான் நானும் கேட்டேன்! "நீ அங்க இருந்தியா தம்பி?"ன்னேன். "ஆராய்ச்சி ஆன்ட்டி, ஆராய்ச்சி"ங்கிறான். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டியவன், தப்பி ஹாலந்துக்கு ஏரோப்பிளேன் ஏறிட்டான்.

— மெதுவா பேசுங்க, சன்னல் தொறந்திருக்கு.

— கேக்கட்டுமே.

— கைய ஆட்டுறதோட நிக்கலக்கா அவரு. ஆள் ஒசரத்துக்கு ஒரு கம்பு வச்சுக்கிட்டு தரையில டொக்கு டொக்குன்னு குத்துறாரு. எங்க வீட்டுச் செவத்துல முருகன் படம் சாஞ்சு போச்சு.

— அதச் சொல்லு பாதர்கிட்ட! பழைய காலத்து மாஸ்டருங்க அப்படித்தான் குத்துவாங்களாம். ஒருத்தரு தன் கால்லயே குத்திக்கிட்டு, சீழ் வச்சு செத்துப் போனாராம். அதையும் பெருமையா சொல்றான். தோட்டத்துல காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிற மண்டோர்கூட அப்படிக் குத்த மாட்டான்.

— ஆட்டுக்குடல் சங்கதி தெரியுமா உங்களுக்கு?

— என்ன குடல்?

— எங்க வீட்டுக்காரரு பாசார்ல ஆட்டுக்கறிக் கட வச்சிருக்காருல்ல, அங்க வந்து, "சின்னையா அண்ணே, நீளமா, கிழியாத குடலா பாத்துக் குடுங்க"ன்னாரு. பெரட்டி சாப்பிடத்தான்னு நெனச்சு இவரு மசாலாவும் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாரு. பாத்தா, பிடில்ல கட்டுறதுக்காம்! பழைய காலத்துல கம்பி இல்லியாம், குடல்தானாம். கழுவி, முறுக்கி, எங்க துணிக்கொடியில காயப் போட்டாரு. இந்தத் தாமான் வீடுங்கள்ல இருக்கிற பூனை அத்தனையும் எங்க வேலி மேல வரிசையா உக்காந்துக்கிட்டு.

— யேசுவே! அப்புறம்?

— ஈப்போ மழையில குடல் எங்கக்கா காயும்? நாறிச்சு. கடைசியில ஒரு கடுவன் பூனை தூக்கிட்டு ஓடிருச்சு. இப்ப லூமுட்ல இருந்து மீன் புடிக்கிற தங்கூசி நைலான் நூல் வாங்கியாந்து கட்டியிருக்காரு. "முந்நூறு வருசத்துக்கு முந்தி தங்கூசி இருந்துச்சா தம்பி?"ன்னு கேட்டேன். மொறைச்சாரு.

— நல்லாத்தான் பேசுற அவன்கூட.

— வேலிக்கு வேலி, பேசாம எப்படி இருக்கிறது? எனக்கென்னக்கா தெரியும், கேட்டதுக்குப் பதில் சொல்றது. அந்தப் பொட்டிக்குக்கூட நான்தான் பல்பு குடுத்தேன்.

— எந்தப் பொட்டி?

— ஹாலந்துல இருந்து கொண்டாந்தாருல்ல, பியானோ மாதிரி ஒல்லியா ஒண்ணு. மழ பேஞ்சா சுருதி எறங்கிருதாம். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி உள்ள ஒரு பல்ப எரிய விடுங்கன்னேன். இப்ப ராவும் பகலும் எரியுது. குஞ்சு பொரிக்காத கொறதான்.

— எறங்கித்தானே கெடக்கு அது! அந்தக் காலத்துல சுருதியே அரக் கட்ட கீழதானாம். அந்த எறங்கின சுருதிக்கு நாங்க எறங்கிப் பாடணும். சரி, அந்த எட்டுப் பேர் யாருன்னு தெரியுமா உனக்கு?

— எனக்கென்னக்கா தெரியும்.

— ஏழு பேர எனக்குத் தெரியும். அர்ச்சுனன் வாத்தியாரு, தபாலாபீஸ் உடையப்பன், அந்தச் சீனப் பல்லு டாக்டரு பொண்டாட்டி, அப்படியே ஏழு. எட்டாவது ஆளு பேரச் சொல்லு தம்பின்னா, "அப்புறம் சொல்றேன்"ங்கிறான். என் பாட்டு அவளுக்குத்தான் போயிருக்கு. யாரா இருக்கும்?

— கோப்பி ஆறுதுக்கா.

— ஆறட்டும். குரல் எப்படி வரணுமாம் தெரியுமா? "பக்கத்து வீட்டு அக்கா கோழியக் கூப்புடுறாங்களே, அப்படி நேரா, ஆடாம வரணும்"னு நாப்பது பேருக்கு முன்னால சொல்றான்! இருவது வருசம் பாடினவ, உன் கோழிக் கூப்பாட்டுக்கு முன்னால மட்டமாப் போயிட்டேன்.

— அப்படியா சொன்னாரு? எல்லாரு முன்னாலயுமா?

— என்ன சிரிப்பு?

— சிரிக்கலக்கா. தும்மல் வந்துச்சு.

— இன்னொண்ணு கேளு. கதவ சாத்திட்டு வா. அந்தக் காலத்துல பொம்பளைங்க கோயில்ல பாடவே கூடாதாம். ஆம்பளப் புள்ளைங்கள காயடிச்சு, அந்தக் குரல்ல பாட வச்சாங்களாம்.

— அடியாத்தி! அப்ப இவரும்...

— அதத்தான் எங்க கொயர் பெட்ரீசியா எந்திரிச்சுக் கேட்டா! நாப்பதாகியும் கல்யாணம் பண்ணலியே, அக்கறையில கேட்டுட்டா. அவன் மூஞ்சி ரம்புத்தான் பழம் மாதிரி செவந்துருச்சு. அடுத்த நிமிசம் அவளும் வெளிய.

— பாவம்.

— யாரு?

— ரெண்டு பேரும்தான். அக்கா, அந்தப் பாட்டுல, போன வாரம் பாதி சொல்லிக் குடுத்தீங்களே, "குளோரியா"ன்னு. மிச்சத்துல எங்க மூச்சு வாங்கணும்?

— உனக்கெதுக்கு மிச்சம்?

— சும்மா லா. மாவாட்டுறப்ப மனசுல ஓடுது. பாதியில நின்னா மாவு ஓட மாட்டேங்குது.

— ம். நல்லா ஓடுது உனக்கு. சரி கேளு. பூசையெல்லாம் தமிழாகி எத்தனையோ வருசமாச்சு. அந்த லத்தீன் பாட்டு இப்ப இந்த ஊர்ல என் நெஞ்சுல மட்டும்தான் இருக்கு. பிரெஞ்சுக்காரப் பாதர் ஒருத்தரு சின்னப் புள்ளையில சொல்லிக் குடுத்தாரு. "எக்செல்சிஸ்"னு வரும். "எக்செல்", இங்க வெட்டு. மூச்ச இழு. ரெண்டு தரம் இழு. அப்புறம் "சிஸ்".

— இங்கயும் வார்த்தைக்கு நடுவுலயா?

— இங்கயும்தான். பாதர் அப்படித்தான் பாடுவாரு.

— எக்செல்... ஹ்ஹூ... ஹ்ஹூ... சிஸ்.

— இன்னும் அடி நெஞ்சுல இருந்து. பக்கத்துல இருக்கிறவனுக்குப் பயம் வரணும். ஆங், அதுதான்! சரி, ஞாயித்துக்கெழம வாரியா?

— வாரேன்க்கா. வராம எப்படி? ஆனா...

— என்ன ஆனா?

— வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வருவேன்.

— புகார் சொல்றதுக்கு எதுக்கு வெள்ளச் சேல?

— கொயர்ல எல்லாரும் வெள்ளையாம்க்கா. அன்னிக்கு ஒத்திகை. திட்டாதீங்க. எட்டாவது ஆளு நான்தான். உங்க பாட்டையும் எனக்குத்தான் குடுத்திருக்காரு. கோழியக் கூப்புட்டுக்கிட்டு இருந்தேன், வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னு கேட்டாரு. "இன்னொரு தரம் கூப்புடுங்க"ன்னாரு. கூப்புட்டேன். கோழி வந்துச்சு, இவரும் வந்துட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு, "குடல் வாங்குற வாடிக்க, மனசு நோகக் கூடாது"ங்கிறாரு. அவரு காட்டுற தாளெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியுது. அதான் உங்ககிட்ட...

— ம், சொல்லு.

— கோவம் இல்லியா?

— எனக்கு போன வாரமே தெரியும்டி. உன் புருசன் பாசார் பூரா சொல்லிட்டான். "என் பொண்டாட்டி மாதா கோயில்ல தனியா பாடுறா"ன்னு, எலும்ப வெட்டுற ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தரம்.

— அப்ப ஏன் பாதர்கிட்ட வான்னு கூப்புட்டீங்க?

— நீ எவ்வளவு தூரம் மறைப்பேன்னு பாக்கத்தான். கோப்பி ஆறுதாம், தும்மல் வருதாம்!

— தெரிஞ்சுமா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?

— தெரிஞ்சதாலதான் சொல்லிக் குடுத்தேன். ராக்காயி, அந்தப் பிரெஞ்சுப் பாதருக்கு ஆஸ்துமா. பாடும்போது வார்த்தைக்கு நடுவுல மூச்சு முட்டி நின்னுருவாரு. நாங்க புள்ளைங்க எல்லாம் அவரு மாதிரியே இழுத்து இழுத்துப் பாடிச் சிரிப்போம். அவரு மூச்சு வாங்கின எடமாப் பொறுக்கி உனக்குக் குடுத்தேன். போய் பாடு! கிறிஸ்மஸ் பூசையில ஊரே சிரிக்கட்டும். உன் மாஸ்டர் அடுத்த ஏரோப்பிளேன்ல ஏறட்டும்.

— ஆஸ்துமாவாக்கா!

— சுத்தமான ஆஸ்துமா.

— அய்யோ...

— அழு. நல்லா அழு. நானும் அழுதேன்ல.

— அழலக்கா. நீங்க இந்தச் சன்னல் பக்கம் வாங்க. வாங்களேன். லியோனார்டு தம்பி வீட்டுல பாட ஆரம்பிச்சுட்டாங்க, கேக்குதா?

— "குளோ"... என்ன, நின்னுட்டாங்க? பல்பு வெடிச்சிருச்சா?

— மூச்சு இழுக்குறாங்க.

— ஏழு பேருமா?

— ஏழு பேரும்தான். போன வாரம் நீங்க சொன்னபடியே முந்தாநாள் பாடிக் காட்டினேன். தம்பி கம்பக் கீழ போட்டுட்டாரு. கண்ணெல்லாம் தண்ணி. "எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னாரு. இசபெல்லா அக்காகிட்ட, அவங்களுக்குப் பிரெஞ்சுப் பாதர் சொல்லிக் குடுத்ததுன்னேன். அவ்வளவுதான், குதிக்க ஆரம்பிச்சுட்டாரு! பிரான்சுல ராசா காலத்துல இப்படித்தான் பாடியிருப்பாங்களாம். அங்க அழிஞ்சு போச்சாம். எந்தப் புத்தகத்துலயும் இல்லியாம். இங்க ஈப்போவுல ஒரு அம்மா நெஞ்சுல உசுரோட இருக்காம்.

— என் நெஞ்சுலயா?

— உங்க நெஞ்சுலதான். ஹாலந்துக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லிட்டாரு. இந்தக் கிறிஸ்மஸுக்கு அங்கயும் இப்படித்தானாம்.

— யேசுவே, மாதாவே!

— உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. குரல் ஆடினாலும் பரவாயில்லியாம். முன்னால நின்னு நீங்கதான் எல்லாருக்கும் சொல்லித் தரணுமாம். தனிப்பாட்ட நீங்க பாதி, நான் பாதி. அதச் சொல்லத்தான் நீங்க வந்ததுல இருந்து வாயத் தொறக்குறேன், நீங்க புகாரு, சத்தம்னு ஆரம்பிச்சுட்டீங்க. பயந்து போயி கோப்பி கலக்கப் போயிட்டேன். இப்ப என்னக்கா பண்றது? அது வெறும் ஆஸ்துமான்னு போய் சொல்லிரவா?

— என்ன ஆஸ்துமா? யாருக்கு ஆஸ்துமா? பிரான்சு தேசத்து ராசா காலத்து மொறைடி அது. என் கொடை எங்க?

— அப்ப பாதர்கிட்ட புகாரு?

— வாய மூடிக்கிட்டு முன்னால நட. பாதர் இருமின எடம் ரெண்டு இருக்கு, அத அவனுக்கு இன்னும் சொல்லித் தரல.