நாலு கதவு பீரோ

— வெறுமனே 'ஒரு ஸ்ப்ரே கன்னு குடுங்க'ன்னா எப்படி சார்? எதுக்கு அடிக்கப் போறீங்கன்னு சொன்னாத்தானே எதை எடுக்குறதுன்னு எனக்குத் தெரியும்?

— அதாவது வந்து மேடம்... பெயிண்ட் அடிக்கத்தான்.

— பெயிண்ட் கடையில வந்து வேற எதுக்குக் கேப்பீங்க? சுவருக்கா, இரும்பு கேட்டுக்கா, மரச்சாமானுக்கா? இதோ பாருங்க, இதுக்குப் பெயிண்ட் ஊத்துற கிண்ணம் தலைமேல. இதுக்குக் கிண்ணம் அடியில தொங்குது. அதோ மூலையில குக்கர் மாதிரி குந்திக்கிட்டு இருக்கே, அது சுவருக்கு.

— எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கன்னு கிடையாதா?

— உங்க வீட்ல எல்லாத்துக்கும் ஒரே கரண்டியா சார்?

— மாப்பிள்ளை, அந்தம்மா கேக்குறாங்கல்ல, சொல்லுங்க. ஆட்டோவுல வரும்போது நானும் கேட்டேன். வாயே திறக்கல நீங்க.

— மாமா, நீங்க அந்த ஸ்டூல்ல சாஞ்சு உக்காருங்க. தலையை ஆட்டாதீங்க. மேடம், இவர் என் மாமனார். வலது கண்ணுல ஆபரேஷன் பண்ணி மூணு நாள் ஆச்சு. உள்ள கட்டு, வெளிய கறுப்புக் கண்ணாடி. இடது கண்ணுக்கு அடுத்த மாசம். இப்போதைக்கு அவருக்கு உலகமே புகைதான்.

— புகைதான்மா. ஆனா காது ரெண்டும் பிரமாதமா இருக்கு.

— நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கிறாங்க மேடம். அதுக்குள்ள ஒரு பீரோவுக்கு பெயிண்ட் அடிச்சாகணும்.

— கட்டுப் பிரிக்கிறதுக்கும் பீரோவுக்கும் என்ன சார் சம்பந்தம்?

— அதாவது வந்து... பார்வை வந்ததும் பளிச்சுன்னு ஒரு பீரோவைப் பார்க்கட்டுமேன்னு.

— ஓஹோ.

— என்ன மாமா?

— ஒண்ணுமில்ல. 'ஓஹோ'ன்னேன்.

— சரி சார், பீரோ முழுசுக்குமா?

— ஒரு கதவுக்கு மட்டும்.

— மொத்தம் எத்தனை கதவு?

— நாலு.

— நாலா! கல்யாண மண்டபத்து பீரோவா? என்ன கலர்?

— க்ரீம். அதுவும் பத்தொன்பது வருஷம் வெயில்ல நின்ன க்ரீம்.

— பீரோ ஏன் சார் வெயில்ல நிக்குது?

— நம்ம வீட்ல க்ரீம் கலர்ல பீரோவே கிடையாதே மாப்பிள்ளை.

— அது ஆபீஸ்ல மாமா.

— என் கட்டைப் பிரிச்சதும் உங்க ஆபீஸுக்கு வந்து நான் பீரோ பார்க்கணுமா?

— ஒரு நடை கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன்.

— ஓஹோ. முப்பத்தோரு வருஷம் ரயில்ல டிக்கெட் கேட்டவன்மா நான். டிக்கெட் எடுக்காதவன் இப்படித்தான் பேச்சுக்குப் பேச்சு தொண்டையைச் செருமுவான்.

— ஐயா, ஒரு நிமிஷம் பொறுங்க. சார், கதவு தட்டையா, வளைவா?

— லேசா வளைவு. சின்னத் தொப்பை மாதிரி.

— பீரோவுக்குத் தொப்பையா?

— பழைய மாடல் மேடம்.

— கீறல் எவ்வளவு நீளம்?

— ஒரு முழம். கைப்பிடிக்குக் கீழ.

— எது கீறிச்சு?

— கேட்டு.

— கேட்டு வந்தா கீறிச்சு?

— இல்ல, கேட்டு நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. பீரோதான் பின்னாடி வந்துச்சு.

— பீரோ ரிவர்ஸ்ல வந்துச்சு?

— மேடம், கொஞ்சம் மெதுவா...

— கதவுல கண்ணாடி இருக்கா சார்?

— இருக்கு.

— ஏத்தி இறக்குற கண்ணாடியா?

— ...ஆமா.

— சரி, எனக்குப் புரிஞ்சிருச்சு. பீரோ லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுன்னு நான் கேக்க மாட்டேன். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. குக்கர் வேண்டாம். அதைக் கொண்டுபோனா பீரோவோட சேர்த்து தெருவுக்கே பெயிண்ட் அடிச்சுட்டு வருவீங்க. அடியில கிண்ணம் தொங்குறதும் வேண்டாம். அது கேட்டு, கிராதின்னு லிட்டர் லிட்டரா குடிக்கும். உங்களுக்கு இந்தச் சின்னது போதும். தலைமேல கிண்ணம். மூக்கு ஓட்டை ஒரே மில்லிமீட்டர். ஒரு முழக் கீறலுக்குன்னே பிறந்தது.

— அப்ப முதல்ல அடிக்கிற ப்ரைமரும் இதுலயே அடிக்கலாமா?

— ப்ரைமர் கெட்டி சார், இந்த மூக்கு அடைச்சுக்கும். அதுக்குன்னு இன்னொரு கன்னு வாங்காதீங்க. டப்பாவுலயே அடிக்கிற மாதிரி வருது, அதை எடுத்துக்கங்க. கம்ப்ரஸர் வச்சிருக்கீங்களா?

— இருக்கே. சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது. அதுல டார்ச் லைட்டுகூட இருக்கு.

— அதுல இந்த கன்னை மாட்டினா ரெண்டு தும்மல் போட்டுட்டுப் படுத்துக்கும். காத்து சார், காத்து! கன்னு எதுவா இருந்தாலும் காத்து நிக்காம வரணும். காத்து டேங்க் வச்ச கம்ப்ரஸர் வாடகைக்குத் தர்றேன். முதல்ல அடிச்சுப் பழகுங்க. இந்த அட்டையில அடிங்க. மிச்சம் இருந்த பச்சை பெயிண்ட் கொஞ்சம் ஊத்தியிருக்கேன்.

— மேடம், ஒண்ணும் வரல.

— இன்னும் அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். காத்து மட்டும்தான் வருது. உள்ள ஏதாவது அடைச்சிருக்கா...

— சார், மூக்கை உங்க பக்கம் திருப்பாதீங்க! சார்!

— ஐயோ!

— என்னம்மா ஆச்சு? என்ன சத்தம்?

— ஒண்ணுமில்ல ஐயா. உங்க மாப்பிள்ளை மீசைக்கு முதல் கோட்டு அடிச்சிருக்காரு. இந்தாங்க சார், துணி. கண்ணுல படலியே? நல்லவேளை. இப்ப திரும்ப, அட்டையைப் பார்த்து. ஒரு சாண் தள்ளி.

— இப்ப வருது மேடம்! வருது!

— வருது சார், ஆனா அங்கேயே நின்னுட்டீங்களே. அட்டை அழுது பாருங்க, தாரைதாரையா. ஒரே இடத்துல நிக்கக் கூடாது. இந்தக் கோடிக்கு வெளிய ஆரம்பிச்சு அந்தக் கோடிக்கு வெளிய முடிக்கணும். தண்டவாளத்துல ரயில் போற மாதிரி.

— ரயில்னு சொல்லாதீங்கம்மா. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்னு நின்னு போவார்.

— மாமா!

— அதை விடுங்க. நேத்து சாயங்காலம் கேட்டுப் பக்கம் 'கிர்ர்ர்'னு ஒரு சத்தம். என்னன்னு கேட்டேன். பூனைன்னீங்க. கேட்டை உரசுற அளவுக்குப் பூனை வளர்ந்திருக்கான்னு அப்பவே கேட்டிருக்கணும்.

— மாமா... அது பீரோ இல்ல.

— தெரியும்.

— உங்க வண்டி.

— அதுவும் தெரியும். தொப்பை வச்ச பீரோவை எந்த ஆபீஸ்ல வாங்குவாங்க?

— திட்டணும்னா திட்டிருங்க மாமா. கல்யாணமாகி எட்டு வருஷமா அந்தச் சாவியை என் பக்கம் காட்டினதே இல்ல நீங்க. மத்தியானத்துல கடைக்குப் போகணும்னாக்கூட 'நடந்தா உடம்புக்கு நல்லது'ன்னுதான் சொல்வீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டதும் என் கையைத் தடவித் தேடி சாவியை வச்சீங்க பாருங்க... 'பார்த்து ஓட்டுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. வீடு வரைக்கும் இருபதுலயே ஓட்டினேன். சைக்கிள்காரன் எல்லாம் பெல் அடிச்சுட்டு முந்திப் போனான். அப்படிக் காப்பாத்தின வண்டியை நம்ம வீட்டு வாசல்லயே...

— ம்.

— திட்டுக்கூடப் பெரிசில்ல மாமா. சாவியைத் திருப்பிக் கேட்டுருவீங்களோன்னுதான் பயம். அதான் நாளைக்குள்ள எப்படியாவது மறைச்சுரலாம்னு...

— ஐயா, ஏதாவது சொல்லுங்க. சாரைப் பார்க்கவே பாவமா இருக்கு. பாதி முகம் பச்சை, பாதி முகம் வெளுத்துப்போச்சு.

— எந்தப் பக்கம் மாப்பிள்ளை?

— இடது பக்கம். பின் கதவு.

— இடதுதானா? நிச்சயமா?

— இடிச்சவன் நான்தானே மாமா, எனக்குத் தெரியாதா?

— வலது பக்கம் போய்ப் பார்த்தீங்களா?

— அந்தப் பக்கம் எங்க பார்க்குறது? வண்டி சுவரை ஒட்டிக்கிட்டுல்ல நிக்குது. அதுதான் எனக்கும் புரியல. நேத்து நான் நடுவுலதான் நிறுத்தினதா ஞாபகம்.

— ஏம்மா, முழுக் கதவுக்கு அடிக்கணும்னா எந்த கன்னு எடுக்கணும்?

— முழுக் கதவுன்னா இதைவிடப் பெருசு ஐயா. அதுவும் தலைமேல கிண்ணம்தான், மூக்கு மட்டும் ஒண்ணு புள்ளி நாலு. விசிறி மாதிரி அகலமா விழும். ஆனா சாருக்கு அது எதுக்கு? ஒரு முழம்தானே?

— மாமா, சின்னதே போதும். நான் கவனமா அடிச்சுருவேன்.

— இவருக்குச் சின்னதைக் கட்டுங்கம்மா. அந்தப் பெருசு எனக்கு.

— உங்களுக்கா? எதுக்கு மாமா?

— இன்னிக்குக் காலையில வண்டி மேல வெயில் படுதேன்னு, என்கிட்ட இருக்கிற இன்னொரு சாவியைப் போட்டு நிழலுக்கு நகர்த்தினேன். வலது பக்கம் ரெண்டு கதவும் சுவரோட சுவரா போச்சு. பின்ன, கண்ணுல கட்டோட எதுக்கு உங்ககூட பெயிண்ட் கடைக்குக் கிளம்பி வந்தேன்னு நினைச்சீங்க?