சூடானால் போய்விடும் சத்தம்

பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். இது பலருக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகு கழுவுவார்கள். ஆரம்பிப்பதற்கு முன் கழுவ மாட்டார்கள். விரலில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், சிலிண்டர் சுவரில் கோடு விழுந்துவிடும். நான் இருபத்திரண்டு வருடமாக கார் இன்ஜின் கட்டுகிறேன். பட்டறைக்குள் நுழைந்ததும் முழங்கை வரை சோப்புப் போடுவேன். நகத்துக்கென்று தனியாக ஒரு பிரஷ் வைத்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வாகன ஆய்வாளர் எழுதிய அறிக்கையை நேற்று படித்தேன். என் தங்கையின் கணவர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர், ஓட்டிப் போன கார் நெடுஞ்சாலைத் தடுப்புச் சுவரில் மோதியதற்குக் காரணம் 'இன்ஜின் கட்டியவரின் கவனக்குறைவு' என்று அதில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த இன்ஜினில் கவனக்குறைவு எதுவும் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் வேறு எந்த இன்ஜினையும் கட்டியதில்லை.

அன்று காலை என் போனுக்கு வந்த மூன்று நிமிட அழைப்பைப் பற்றி, உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும். அதற்கு முன் அந்த டீ கிளாஸை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விளிம்பில் உதட்டுத் தடம் இருக்கிறது, கண் அங்கேயே போகிறது.

எங்கள் அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அவளை வளர்த்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நகம் வெட்டிவிடுவேன், காதைத் துடைத்துவிடுவேன். வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்பதை ஒரே வாரத்தில் பழக்கினேன். பேசினால் தட்டை எடுத்துவிடுவேன், அவ்வளவுதான். ஒரு நாளும் அடித்ததில்லை. மூன்றாவது நாளிலிருந்து அவள் சாப்பிடும்போது பேசவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "பொண்ணைக் கண்ணாடி மாதிரி வளத்திருக்கீங்க தம்பி" என்று சொல்லுவார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இருபத்தேழு வயதில் அவள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவள் வேலை பார்த்த மருந்துக் கடையில் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டபோது, அதை எடுக்க வந்தவராம். அந்தத் தொழிலை நான் குறை சொல்லவில்லை. அழுக்கு என் தொழிலிலும் உண்டு. ஆனால் இன்ஜின் அழுக்கு கழுவினால் போய்விடும். மாப்பிள்ளையின் அழுக்கு அப்படிப்பட்டதல்ல. அது அவருடைய சுபாவம்.

முதல் நாள் என் வீட்டுக்குள் வந்ததும் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அதே கையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்தேன். "என்ன மச்சான், கை இப்படி ஜில்லுனு இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். பல்லிடுக்கில் ஏதோ பச்சையாக இருந்தது. சாப்பிடும்போது முழங்கை வரை வழிய விட்டு நக்கினார். போகும் முன் என் துண்டில் முகம் துடைத்தார். அந்தத் துண்டை நான் துவைக்கவில்லை, எரித்துவிட்டேன்.

கெட்டவரா என்றால், சும்மா சொல்லக் கூடாது, கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். குரலை உயர்த்திக்கூட நான் கேட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் போன மழைக்காலத்தில் நடந்ததையும் எழுதிக்கொள்ள வேண்டும். தங்கைக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று வாந்தி வந்தது. நான் பாத்திரம் எடுக்க எழுந்தேன். அதற்குள் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் குவித்து அவள் வாய்க்குக் கீழே நீட்டிவிட்டார். உள்ளங்கையில் வாங்கினார். விரலிடுக்கில் ஒழுகியது. "பரவால்ல, பரவால்ல, எல்லாத்தையும் எடுத்துடு" என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். பிறகு கையைக் கழுவிவிட்டு, துடைக்கத் துணி தேடாமல் தன் பேன்ட்டிலேயே தேய்த்தார். அதைப் பார்த்து, அந்தக் காய்ச்சலிலும், தங்கை சிரித்தாள். நான் வளர்த்தவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். வெளியே வந்து தெருக்குழாயில் முகம் கழுவினேன். அவளை அங்கிருந்து எப்படியாவது மீட்க வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன். எல்லாமே அவளுக்காகத்தான்.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை தன் பழைய காரை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். உடைக்கப் போட்ட ஒரு காரிலிருந்து சூப்பர்சார்ஜர் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. அதைப் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்தார். அவர்கள் இருவரும் படுக்கும் பெட்ஷீட். "மச்சான், இதை மாட்டிக் குடுங்க. வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். உங்க கைதான் வேணும்" என்றார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பிஸ்டன் சிலிண்டரில் கீழே இருக்கும்போது மேலே பத்து டம்ளர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது அது ஒரு டம்ளராகச் சுருங்குகிறது. பத்துக்கு ஒன்று. இதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது என்றால், காற்றை முன்கூட்டியே அழுத்தி உள்ளே திணிக்கிறது. ஏற்கெனவே திணித்த காற்றைப் பிஸ்டனும் போட்டு நசுக்கினால், பெட்ரோல் பிளக்கின் பொறியோடு ஒழுங்காக எரியாமல், தன்னிஷ்டத்துக்கு வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி. அதனால் இப்படிப்பட்ட இன்ஜினுக்கு, தலை நடுவே கிண்ணம்போலக் குழிந்த பிஸ்டனைப் போட்டு ரேஷியோவை எட்டரைக்கு இறக்குவோம். உருக்கி வார்த்த பிஸ்டனும் போட மாட்டோம். அடித்துச் செய்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன்தான் அடி தாங்கும்.

அதைத்தான் நான் வாங்கினேன். நல்ல பிஸ்டன், நான்கும் ஒரே எடை. கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்திருந்தேன். அதுவரை என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

மாப்பிள்ளை பார்க்க வந்தார். ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே வந்தார், சாறு மணிக்கட்டில் வழிந்தது. கேட்காமல் கொள்ளாமல் ஒரு பிஸ்டனை எடுத்தார். குழிக்குள் கட்டை விரலை விட்டுப் பார்த்தார். "இதுல டீயே குடிக்கலாம் போலயே மச்சான்" என்று சொல்லி, விளையாட்டாக வாயருகே கொண்டுபோய் உறிஞ்சுவதுபோலச் செய்தார். உதடு பட்டது. ஓர் ஆரஞ்சு நார் குழியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு அந்தப் பிஸ்டனைக் கழுவினேன். மண்ணெண்ணெயில் ஒரு முறை, சோப்பில் ஒரு முறை, மறுபடி மண்ணெண்ணெயில். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் எடுத்து மாட்டக் கை போகவில்லை. அது என் விரலில் பட்டதும் அந்த உதடு தெரிந்தது. நான்கையும் பெட்டியில் போட்டு மூடி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டேன். மேல் தட்டில் வேறு நான்கு பிஸ்டன் இருந்தது. வேறொருவர் வேண்டாம் என்று விட்டுப்போனது. வார்ப்பு, தலை குழியாமல் மேடாகப் புடைத்தது, பதினொன்றரைக்கு ஒன்று. யார் கையும் படாதது.

சும்மா எடுத்து மாட்டிவிடவில்லை. சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டின் மீது கண்ணாடித் தகட்டை வைத்து, அளவுக் குழாயிலிருந்து சாயத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளே எவ்வளவு இடம் என்று அளந்தேன். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அரைச் சொட்டுகூட வித்தியாசம் வராத வரை தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தேன். மூன்று நாள் ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. நெடுஞ்சாலையில் முழுக்க அழுத்தினால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிஸ்டன் தலை உடையும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு இன்ஜினைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் சக்கரத்துக்கு அடியில் போகும். உங்கள் ஆய்வாளர் நாற்பத்து மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கிறார். இதைக் கவனக்குறைவு என்று ஒரு படித்த மனிதர் எப்படி எழுதினார் என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் யோசித்திருந்தேன். தன்னிஷ்ட வெடிப்பு சத்தம் போடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு தட்டல். கேட்டால் யாரும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். ஆனால் ஃபோர்ஜ்ட் பிஸ்டனுக்கும் ஒரு தட்டல் உண்டு. சூட்டில் அதிகம் விரியும் என்பதால் அதற்கு இடைவெளி கூடுதலாக விடுவோம். காலையில் ஜில்லென்று கிடக்கும்போது லொடலொடவென்று தட்டும், சூடேறியதும் அடங்கிவிடும். தொழில் தெரிந்தவனுக்குத்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். சாவியைக் கொடுக்கும்போது, பிஸ்டன் மாறியது தெரியாத மாப்பிள்ளையிடம் நிதானமாகச் சொன்னேன்: "கொஞ்சம் தட்டுற சத்தம் வரும். பயப்படாதீங்க. இந்தப் பிஸ்டனோட குணம் அது. சூடானா போயிடும்."

அவர் அதைப் பாடம்போலத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னேன், அப்படியே ஓட்டினார். அவரைப்போலச் சொன்னதைக் கேட்ட வாடிக்கையாளர் எனக்குக் கிடைத்ததில்லை. நடுவில் ஒரு நாள் போன் செய்து, "சத்தமே இல்ல மச்சான், உங்க கை பட்டா சும்மாவா" என்றார். நன்றி சொல்ல ஒரு பை ஆரஞ்சும் கொடுத்தனுப்பியிருந்தார். தொடவில்லை, பையோடு குப்பையில் போட்டேன்.

தங்கையைப் பற்றி நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பிணவறையில் இரண்டு பேரையும் அடையாளம் காட்டியது நான்தான். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்துச் சொன்னேன். தங்கையின் கையை மட்டும் துணியை விலக்கிக் காட்டினார்கள். நகம் வெட்டாமல் வளர்ந்திருந்தது. இடது கட்டை விரல் நகத்துக்குள் மஞ்சளாக ஏதோ அடைந்திருந்தது. கல்யாணமான நாலு வருடத்தில் ஒரு பெண் இப்படி ஆகிவிட முடியுமா என்று அங்கே நின்று யோசித்தேன். பிணவறை ஊழியர் நான் அழுகிறேன் என்று நினைத்து என் தோளில் கை வைத்தார்.

இப்போது அந்த அழைப்பு. ஒன்பது இருபதுக்கு வந்தது. நான் அப்போதுதான் கை கழுவி முடித்திருந்தேன், துண்டால் போனைப் பிடித்து எடுத்தேன். தங்கைதான்.

"அண்ணா, நானும் கார்லதான் இருக்கேன். ஊரைத் தாண்டி பெரிய ரோட்டுல போயிட்டிருக்கோம். அழுத்தும்போதெல்லாம் ஒரு சத்தம் வருது, அரை மணி நேரமா போகவே இல்ல. எனக்கென்னவோ பயமா இருக்கு. நிறுத்தச் சொல்லவா?"

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சான்தான் அன்னைக்கே சொன்னாரே, அது அதோட குணம்னு. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதற்கும் பின்னால் அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூழாங்கல். மூன்றாவது சிலிண்டர் என்றுகூடச் சொல்லிவிடலாம். அவள் காரில் இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்தச் சொல்லு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும், நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை.

அந்த நேரத்தில் அவர் அவளுக்கு ஏதோ ஊட்டினார் போலிருக்கிறது. ஆரஞ்சாகத்தான் இருக்க வேண்டும். "இருங்க, அண்ணாகிட்ட பேசிட்டிருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். பிறகு வாய் நிறைய வைத்துக்கொண்டு, மென்றுகொண்டே, "சொல்லுங்கண்ணா" என்றாள். சப்பென்ற அந்த ஈரச் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. சாறு வழிந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு வாரத்தில் பழக்கியது அது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் சரியா சூடாகலம்மா" என்றேன். "நல்லா அழுத்தி ஓட்டச் சொல்லு. சூடானா போயிடும்."