ஏழாவது பேருக்குக் கீழே

— ஏம்மா, இந்த ஏழாவது பேருக்குக் கீழ மட்டும் ஒரு வரி காலியா கிடக்கே… கணக்கு தப்பிப்போச்சா?

— தள்ளி நில்லுங்க ஐயா. கல்தூள் கண்ணுல விழும்.

— கேட்டதுக்குப் பதில் வரலையே.

— உளி கையில இருக்கும்போது பேசினா எழுத்து கோணிக்கும்.

— சரி சரி… நான் பேசல. ஆனா மத்த பேரெல்லாம் அணிவகுப்புல நிக்கிற மாதிரி நிக்குது. இது மட்டும் பல்லு விழுந்த வாய் மாதிரி…

— பேசலன்னு சொன்னீங்க.

— வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. பதக்கம் வாங்கினவங்க சுவர் இது. அதிகாரி பார்த்தா விடுவாரா?

— காலையில பார்த்தாரு. அந்த எடத்துல விரிசல் இருக்கு, உளி தாங்காதுன்னு சொல்லிட்டேன்.

— எங்க, தடவிப் பார்க்குறேன்… வழவழன்னு இருக்கே.

— விரல்ல கூட கண்ணு வச்சிருக்கீங்க.

— அப்போ பொய்யா?

— நாளைக்குத்தான் திறப்பு. ஊரே வரும். நீங்க இன்னைக்கே வந்து துருவுறீங்களே, யாரைத் தேடுறீங்க?

— யாரையும் இல்ல… சும்மா. ஏம்மா, வெட்டின பேரை அழிக்க முடியுமா?

— கல்தூளையும் பசையையும் கலந்து அடைக்கலாம். காஞ்சா தெரியாது. மழையில நனைஞ்சா மட்டும் பழைய எழுத்து எழும்பி நிக்கும்.

— மழைக்கு எவன் இங்க நிக்கப் போறான்… இந்த ஏழாவது பேரை அடைச்சிரும்மா.

— நல்லா இருக்கே. சண்டையில அடிபட்டவரை முதுகுல சுமந்து ஆத்தைக் கடந்தவராச்சே.

— அவன் சுமக்கல. அவனைத்தான் சுமந்தாங்க.

— அப்போ சுமந்தவரு?

— சுமந்தவன் கரையேறினதும் செத்துப்போயிட்டான். வந்து பார்த்தவங்க, உயிரோட கிடந்தவன்தான் செத்தவனைத் தூக்கிட்டு வந்திருப்பான்னு எழுதிட்டாங்க. இவனுக்கு நினைவு திரும்பினப்போ சட்டையில பதக்கம் குத்தியிருக்கு.

— வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

— அப்போ பயம். அப்புறம் வெட்கம். ரெண்டும் போனப்புறம் மேலிடத்துக்கு நாலு தடவை எழுதினான். யார் காதுலயும் விழல.

— செத்தவர் வீட்டுக்கு எழுதலையா?

— ஒரே ஒரு கடுதாசி… அது உனக்கெதுக்கும்மா? நாளைக்கு அவனுக்கு மாலை போடுவாங்க. என்னால… அவனால அங்க நிக்க முடியாது. அழிச்சிரு.

— அந்தக் கடுதாசி எங்கம்மா பெட்டியில இருக்கு. கீழ இருந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஏழாவது பேரு எனக்கு மனப்பாடம். எங்கப்பா பேரை நானா வெட்டினா திருட்டு, கூட இருந்தவர் வந்து சொன்னா சாட்சி. அதுக்குத்தான் எடம் விட்டேன். இந்தாங்க சுண்ணக்கட்டி, நீங்களே எழுதிக் குடுங்க, நான் வெட்டுறேன். உங்க பேரை மட்டும் அழிக்கச் சொல்லாதீங்க சித்தப்பா… எங்கப்பா அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தவரை நான் கீழ போட மாட்டேன்.