நம்பரை மட்டும் சொல்லு

— முப்பத்தெட்டு யூனிட்டுங்க.

— கேட்டியா மாப்ள? முப்பத்தெட்டு! பட்டமா இது? மகராசி, கரண்ட அள்ளிக் குடுத்திருக்கா.

— மாமா, அண்ணாந்து பாக்கறத மொதல்ல நிறுத்துங்க. ஒரு கண்ண சூரியனுக்குக் குடுத்தாச்சு. இப்படியே பாத்தா இன்னொண்ணும் போயிடும்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டார். கார் ரெடியா நிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.

— பாக்காம எப்படிடா பட்டம் ஓட்டறது? இவ மேல ஏறறப்போ கயித்த இழுப்பா, உருள சுத்தும், கரண்டு வரும்.

— கீழ இறக்கறதுக்கு?

— அதுக்கு மோட்டார் கொஞ்சம் கரண்டு தின்னும். தின்னது போக மிச்சம்தான் மீட்டர்ல காட்டும். முப்பத்தெட்டு மிச்சம்டா! இதுக்கு ஒரு கண்ணென்ன, ரெண்டையும் குடுக்கலாம்.

— அக்கா, இந்த மனுஷன் பேசறதக் கேட்டுக்கிட்டு ஷெட்டுக்குள்ள சும்மா உக்காந்திருக்க பாரு.

— நான் என்னடா சொல்ல?

— தள்ளு, நானும் அந்த மகராசி குடுத்தத ஒரு தடவ பாக்கறேன். ஏங்க்கா, முப்பத்தெட்டுக்கு முன்னாடி என்ன இது?

— எது?

— இந்தக் கோடு.

— கண்ணாடியில கீறல்டா. இந்தப் பக்கம் வா நீ.

— கீறல் எங்கயாவது பச்சையா எரியுமா? மைனஸ்க்கா இது! மிச்சமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. குடுத்ததவிட முப்பத்தெட்டு அதிகமா தின்னிருக்கு.

— மெதுவாடா, உன் கால்ல விழறேன்.

— அடிப்பாவி! தெரிஞ்சேதான் வாசிக்கறியா?

— உள்ள என்ன குசுகுசுன்னு?

— ஒண்ணுமில்லீங்க.

— ஒண்ணுமில்லையா? மாமா, இது மைனஸ் முப்பத்தெட்டு. அக்கா உங்களுக்குப் பாதியத்தான் வாசிக்குது.

— டேய்!

— நீ கோவிச்சாலும் பரவால்ல. அவரு கண்ணு எனக்கு முக்கியம்.

— என்னங்க, நாலு திட்டாவது திட்டுங்க. மொத நாள் நெசமாவே கீறல்னுதான் நெனச்சேன். நம்பரச் சொன்னதும் நீங்க சிரிச்சீங்க. கண்ணு போன பெறகு அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. அந்தக் கோடு என்னன்னு தெரிஞ்சப்போ சொல்ல எனக்கு வாய் வரல.

— நீ மீட்டர் பாக்க உக்காந்த பெறகு, ஒரு நாளாவது கோடு இல்லாம வந்துச்சா?

— இல்லீங்க.

— ஒரு நாள்கூட?

— ஒரு நாள்கூட இல்லீங்க.

— சரி விடு. உன்மேல தப்பில்ல.

— எப்படிங்க இல்லாம போகும்? அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. மிச்சக் கண்ணுக்காவது ஆபத்து வந்திருக்காது. நாந்தாங்க கெடுத்தேன்.

— அழாத. உன்ன மீட்டர் முன்னாடி உக்கார வெச்சப்ப நான் என்ன சொன்னேன்?

— நம்பரை மட்டும் சொல்லு, வேற எது தெரிஞ்சாலும் சொல்லாதேன்னு.

— அந்தக் கோட்டுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டு கண்ணும் நல்லா இருந்தப்பவே அதப் பாத்துட்டேன்.