மஞ்சள் தடம்

"ஹலோ... ஆமா, கோரின்தான். என் வீட்டுல வேற யாரு எடுப்பா?... சொல்லு மெல்வின்... ம்... ம்... என்னது? திரும்பச் சொல்லு."

கோரின் டீட்ஸ் கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கத்தியோடு சேர்த்துத் தொட்டிக்குள் போட்டாள். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷெபாய்கன் குட்டிக்கார் பந்தயக் கழகத்துக்காரர்கள் பதினாறு பேர் அவள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பேஸ்மென்டில் ஒன்பது மாதம் உழைத்து அவள் கட்டிய மரத்தடத்தில் முதல் பந்தயம் நடக்க இருந்தது. பேசுகிற மெல்வின்தான் கழகத்தின் செயலாளர். முப்பது வருஷம் தபால் பை சுமந்தவர். கெட்ட சேதியைக்கூட நல்ல உறையில் போட்டுக் கொடுக்கிற ஆள்.

"இடம் மாத்தியாச்சா? யாரு மாத்தினது?... 'நாங்க'ன்னா யாரு யாரு?... புரூஸ் வீட்டுக்கா! அப்படிச் சொல்லு. அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கற?... இல்ல, நான் கத்தலை. இதுதான் என் சாதாரணக் குரல்... மெல்வின், நாப்பது சாசேஜ் பியர்ல ஊறிக்கிட்டு இருக்கு இங்க. பத்து பவுண்டு உருளைக்கிழங்கு தோல் சீவியாச்சு. இப்ப போன் பண்ணி வர மாட்டோம்கற!... காரணம்? காரணத்தைச் சொல்லு முதல்ல... ம்... ம்..."

அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி காது வரை வந்தது.

"கரண்ட்ல திருட்டா."

மெதுவாகத்தான் சொன்னாள்.

"நானா?... எங்க வச்சுப் பேசினான் புரூஸ்?... நேத்து மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்துலயா? எல்லார் முன்னாடியுமா?... ஆமா ஆமா, நீ ஒண்ணும் சொல்லலை, நீ மீனைத் தின்னுக்கிட்டு இருந்திருப்ப. நீ என்னைக்கு வாயைத் திறந்திருக்க, சாப்பிடறதைத் தவிர?... ஆமா, மஞ்சள் தடம் என்னோடதுதான். பந்தயம் நடக்கற வீட்டுக்காரங்களுக்குத்தான் கடைசி ஓட்டத்துல எந்தக் கலர் தடம்னு முதல் தேர்வு. அது நான் போட்ட சட்டமா? பதினோரு வருஷமா அவன் வீட்டுல அவன்தானே முதல்ல எடுத்தான்? அப்ப யாராவது கேட்டோமா?... ம்... அதான் சொல்றேன், வயித்தெரிச்சல்! போன சனிக்கிழமை இங்க நடந்த சோதனை ஓட்டத்துல ரெண்டு சுத்து வித்தியாசத்துல அவனைத் தோக்கடிச்சேன். ஒரு சுத்து இல்ல, ரெண்டு சுத்து! அது செரிக்கலை அவனுக்கு."

புரூஸ் ஹேகன் கூரை போடுகிற காண்ட்ராக்டர். கழகத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். காரணம், தடம் அவன் வீட்டில் இருந்தது. கடையில் துண்டு துண்டாக வாங்கி மாட்டிய பிளாஸ்டிக் தடம். அதில் கோரின் ஐந்து தடவை கடைசி ஓட்டம் வரை வந்தாள். ஐந்து தடவையும் இரண்டாவதாகத்தான் வந்தாள்.

"அவன் தடத்தைப் பத்திச் சொல்லட்டுமா? ஒவ்வொரு இணைப்புலயும் கார் டொக்கு டொக்குனு குதிக்கும், பல்லு ஆடற கிழவன் முறுக்கு தின்ன மாதிரி. ஒரு பலகையை நேரா அறுக்கத் தெரியுமா அவனுக்கு? ஏணியில ஏறியே எத்தனை வருஷமாச்சு! கீழ நின்னு விரலை நீட்டறது ஒரு தொழிலா?... இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். இருபத்திரண்டு வருஷமா அலமாரிப் பட்டறையில மரம் அறுக்கறவ நான். கார் பிடிச்சு ஓடற பள்ளம் இருக்கே, அந்தக் காடி ஒண்ணே ஒண்ணு எடுக்க எத்தனை பலகையை வீணாக்கினேன் தெரியுமா உனக்கு? முதல் தடவை காடிகளை நெருக்கமா வெட்டிட்டேன், வளைவுல காரும் காரும் முத்தம் குடுத்துக்கிச்சு. மொத்தத்தையும் தூக்கி வாசல்ல போட்டேன். திரும்ப வெட்டினேன். தரை சாக்கடை ஓட்டைப் பக்கம் சரியுதுன்னு தடம் நிக்கற மேஜையோட பதினாலு காலுக்கும் திருகாணி வச்சு மட்டம் பார்த்தேன். நாலு பூச்சு பெயின்ட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல உப்புத்தாள் தேய்ப்பு. மரத்தூள்ல ஹார்லன் தும்மித் தும்மி ஜனவரி மாசம் முழுக்க சோபாவுலதான் படுத்தாரு. இவ்வளவும் எதுக்கு? புரூஸ் ஹேகனை ஏமாத்தறதுக்கா? அவனை ஏமாத்த இவ்வளவு மரம் வேணுமா?"

ஹார்லன் அவள் கணவன். ஃப்ரிட்ஜ், ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். மர வேலை முழுக்க அவளுடையது, மின்சார வேலை மட்டும் அவனுடையது. அப்போது அவன் பின்பக்கம் கரி அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்பித் தூரிகையின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"என்ன சொல்றான்னு தெளிவாச் சொல்லு... ம்... துணி துவைக்கற மிஷின்கிட்ட இருக்கற வளைவுல மத்த காரெல்லாம் சோர்ந்து போகுது, மஞ்சள் மட்டும் சோரலையா? அது ஓட்டறவ கை, மெல்வின்! விசையை எப்ப விடணும்னு தெரிஞ்ச கை!... சரி. சரி. இப்பவே பார்த்துடுவோம். நீ லைன்லயே இரு. நான் கீழ போறேன்... இல்ல, வைக்காதே! வச்சேன்னா நேரா உன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவேன்."

அவள் தடதடவென்று படியிறங்கினாள். விளக்கைப் போட்டதும் தடம் முழுசாகத் தெரிந்தது. பதினாறடி நீளம், ஐந்தடி அகலம், சாம்பல் பூச்சு. சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று நாலு காடிகள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து துணிமிஷின் வரை போய்த் திரும்பின. உள்ளங்கையில் அடங்குகிற கார்கள் அந்தக் காடிக்குள் ஊசியை இறக்கிக்கொண்டு ஓடும். காடியின் இரண்டு ஓரத்திலும் ஒட்டிய செம்புப் பட்டைதான் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும். பட்டை மெல்லிசு; தூரம் போகப் போக மின்சாரம் இளைத்துவிடும். அதனால் பலகைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று இடத்தில் கம்பி கொடுத்துத் தெம்பேற்ற வேண்டும் என்று கோரின் வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்திருந்தாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தாள்.

"கேக்குதா?... ஆமா, அடியில படுத்திருக்கேன். எனக்கு அம்பத்தாறு வயசு, முட்டி ரெண்டும் போச்சு, புரூஸ் ஹேகன் பேச்சுக்காக சிமென்ட் தரையில படுத்திருக்கேன். எழுதி வச்சுக்கோ இதை... நான் எண்ணிக்கிட்டே வரேன், நீயும் எண்ணு. சிவப்பு. ஒண்ணு... ரெண்டு... துணிமிஷின்கிட்ட மூணு. சரியா? வெள்ளை. ஒண்ணு, ரெண்டு, மூணு. நீலம். ஒண்ணு... இரு, ஒட்டடை... ரெண்டு, மூணு. போதுமா? இப்ப மஞ்சள். நல்லாக் கேட்டுக்கோ, கேட்டு அவன் காதுல போய் ஓது. ஒண்ணு. ரெண்டு. மூணு..."

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. நின்றது.

துணிமிஷின் வளைவுக்கு அந்தப் பக்கம், பலகையின் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி, இன்னொரு கம்பி ஏறியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று. திரும்பி வருகிற நேர்ப்பாதையில் இன்னொன்று. மூன்றும் மஞ்சளுக்கு மட்டும். பற்றவைப்பு சுத்தமாக, சின்னதாக, பளபளவென்று இருந்தது. இந்த வீட்டில் அப்படிப் பற்றவைக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

"...இருக்கேன். லைன்லதான் இருக்கேன்."

மூணோடு நிறுத்திவிட்டால் தீர்ந்தது. மெல்வின் நம்பிவிடுவார். அவள் வாயிலிருந்து வந்த கணக்கை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சரிபார்த்ததில்லை. பந்தயம் இங்கேயே நடக்கும். அந்த மூன்று கம்பியையும் அதற்குள் வெட்டிப் போட்டுவிடலாம், ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. 'அவ்வளவுதான்' என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது.

"ஆறு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆறுன்னு சொன்னேன் மெல்வின்... ஆமா. மஞ்சளுக்கு ஆறு. மத்ததுக்கு மூணு... இல்ல, எனக்குத் தெரியாது. சத்தியமா இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது... நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ. நான் என்ன பண்ண?... இரு. ஹார்லன்! ஹார்லன்!!"

கம்பித் தூரிகையின் சத்தம் நின்றது. அவன் படியில் பாதி வரை இறங்கி வந்தான். மேஜைக்கு அடியிலிருந்து அவளுடைய ரெண்டு காலும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். டார்ச் வெளிச்சம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்த்தான். கைக்கரியைக் காற்சட்டையில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீயா?... ஏன் தலையை ஆட்டற, வாயைத் திறந்து சொல்லு! எப்ப பண்ணின?... நான் வேலைக்குப் போயிருந்தப்பவா? என்கிட்ட ஒரு வார்த்தை... மெல்வின், நீ சும்மா இரு, நான் உன்கிட்ட பேசலை... ஏன்? ஏன் பண்ணின, ஹார்லன்?"

அவன் மெதுவாக என்னவோ சொன்னான். கோரின் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் ஒட்டடை.

"அஞ்சு தடவை ரெண்டாவதா வந்தேன்னா?... அதுக்கு?... வீட்டுக்குத் திரும்பி வரும்போது வண்டியில பேசாம வந்தேனா? பேசாம வந்தா என்ன? தோத்தவ பாட்டா பாடிக்கிட்டு வருவா?... நீ என்ன பண்ணியிருக்கன்னு தெரியுதா உனக்கு? போன சனிக்கிழமை நான் ஜெயிச்சேன்னு நினைச்சேன், ஹார்லன். பட்டறையில எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்தேன். சர்ச்சுல பாதிரியார்கிட்டகூடச் சொன்னேன், பெருமையா, ரெண்டு சுத்துன்னு. அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நான் ஜெயிச்சிருப்பேன்யா! நானாவே ஜெயிச்சிருப்பேன்! இப்ப எனக்கே தெரியாம பண்ணிட்டியே. அது என் கையா, உன் கம்பியான்னு இனிமே நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் டார்ச்சை அணைத்தாள். ஹார்லன் ஒரு படி கீழே இறங்கினான். அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான்.

அப்போது போனுக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அது மெல்வின் கனைப்பு இல்லை.

"யாரது?... மெல்வின், யாரது பக்கத்துல?... நீ எங்கேருந்து பேசற?... புரூஸ் வீட்டுலேருந்தா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எப்பலேருந்து?... ஆரம்பத்துலேருந்தேவா! அடப்பாவி! அந்த முறுக்கு, ஏணி, விரலை நீட்டறது, எல்லாம் கேட்டானா?... எல்லாமேவா... போடா, நீயெல்லாம் ஒரு மனுஷன்! முப்பது வருஷம் ஊரு கடுதாசியை ஒட்டினபடியே பத்திரமா கொண்டு குடுத்தியே, என் பேச்சை மட்டும் பிரிச்சு வச்சு வாசிச்சியா?... அவன்கிட்ட குடு. குடுன்னா குடு."

எழுந்து நின்றாள். தலையிலிருந்த ஒட்டடையைத் துடைத்தாள், எதிரே ஆள் நிற்கிற மாதிரி.

"புரூஸ். நீ சொன்னது சரி... ஆமா, கேட்டிருப்ப, திரும்பவும் சொல்றேன். மஞ்சள்ல கூடுதல் கரண்ட் இருந்தது. போன சனிக்கிழமை ஜெயிச்சது கணக்குல கிடையாது. அதை நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்... இல்ல, ஹார்லனைச் சொல்லச் சொல்லாதே. தடம் என்னுது. நான் அடியில போய்ப் பார்த்திருக்கணும், பார்க்கலை... ஏணியைப் பத்திச் சொன்னதா? அது... அதை வாபஸ் வாங்கிக்கறேன். முறுக்கை வாங்க மாட்டேன், அது நிஜம்... சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரலை."

கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"என்ன?... அந்தக் கம்பிங்களை வெட்ட வேண்டாமா? ஏன்?... ம்... மத்த மூணு தடத்துக்கும் மூணு மூணு சேர்த்துடலாம்கறியா... துணிமிஷின் வளைவுல நிஜமாவே எல்லாம் சோர்ந்துதான் போகுது, அது எனக்கும் தெரியும்... ஒன்பது கம்பி. நாலு மணி நேரம் இருக்கு... நல்ல யோசனைதான். உன் வாயிலேருந்து வந்ததுதான் எனக்குப் பிடிக்கலை... உன்கிட்ட கம்பி இருக்கா? தடிமனா?... சரி, பந்தயம் இங்கயேதான்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, எடுத்துக்கிட்டு வா. மெல்வினையும் கூட்டிக்கிட்டு வா, மிச்ச உருளைக்கிழங்கை அவன்தான் சீவணும்... முதல் தேர்வு உனக்கு. மஞ்சளே எடுத்துக்கோ. நான் கடைசியா மிஞ்சறதை எடுக்கறேன்... இல்ல, பெருந்தன்மை ஒண்ணும் இல்ல. உன்னை வெள்ளையில வச்சுத் தோக்கடிச்சா நாளைக்கு வேற ஏதாவது சொல்லுவ, அதுக்குத்தான்."

ஹார்லன் இன்னும் அதே படியில் நின்றுகொண்டிருந்தான்.

"பின்வாசல் வழியா வா... உடனே வேண்டாம். அரை மணி கழிச்சு வா... ஏன்னா இங்க ஒரு ஆள்கிட்ட நான் இன்னும் பேசி முடிக்கலை. வைக்கறேன்."