கொப்பியில் நின்ற மாடுகள்

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில், என் முன்னால் இருந்த பெண் பக்கத்திலிருந்த நரைத்த தலைக்காரரிடம் சொன்னார்: "அண்ணை, எங்கட ஊர் மாடெல்லாம் இப்ப கம்பசில நிக்குது."

"என்ன விசர்க்கதை, பிள்ளை?"

"மாட்டுக்குக் குறி சுடுறனாங்களெல்லே. எந்த வீட்டுக்கு எந்தக் குறியெண்டு என்ர அப்பா கீறி வைச்ச கொப்பி. கம்பஸ் லைபிரரியில பழைய ஆவணங்கள் சேர்க்கினம், அங்க குடுத்தனான். கையைச் சுத்தமாக் கழுவிப்போட்டுத்தான் தொடுகினம். படமெடுத்தும் தந்தவை, பாருங்கோ."

பெரியவர், அந்தப் பெண் நீட்டிய கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இது எங்கட ஐயாவின்ர பேர்! இடம்பெயர்ந்ததில எங்கட வீட்டில ஒரு கடுதாசியும் மிஞ்சேல்லை, பிள்ளை."

"குறி சரியோ அண்ணை? பிழையெண்டா சொல்லித் திருத்தலாம்."

அவர் சட்டைக் கையை மடித்தார். "சின்னனில கண்டுக்குட்டியைப் பிடிக்கப் போய், சூட்டுக்கோல் எனக்குப் பட்டது."

ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு. படத்திலும் அதேதான்.

அந்தப் பெண் தழும்பைத் தொடக் கையை நீட்டினார். பிறகு நிறுத்தி, விரல்களைச் சேலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டார்.