தோளில் இருந்த கை

கட்டுமரம் கட்டத் தெரிந்த பொம்பளை காசிமேட்டில் அந்த நாளில் நான் ஒருத்திதான், கண்ணுங்களா. கரைக்கு வந்ததும் கட்டைகளை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கட்டவேண்டும். கயிற்றை நனைத்து, கட்டையில் காலை ஊன்றி இழுத்து இறுக்கவேண்டும். சித்தப்பா தேசப்பன்தான் சொல்லிக்கொடுத்தார். அம்மா என்னைப் பெற்றதும் போய்விட்டாள். ஆறு வயதில் நைனாவும் போனார். அப்புறம் எனக்குச் சோறு போட்டது சித்தப்பாதான். எனக்காகவே அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பார்கள்.

நைனாவைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "நாப்பத்தொண்ணு, ஆகஸ்டு ஒண்ணாந்தேதி, வெள்ளிக்கிழம. கடலு எடுத்துக்கிச்சும்மா. பொணங்கூட கெடைக்கல."

ஐம்பத்தைந்தில், எனக்கு இருபது வயதில், ஒரு நாள் தூண்டில் கயிறு அறுத்து அவர் வலது கை கிழிந்துவிட்டது. கட்டுப்போடப் பழந்துணி தேடி அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு வேட்டிக்குள் இரண்டு போட்டோ. நைனா. அந்த மூக்கைத்தான் நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். புது வேட்டி, கழுத்தில் மாலை, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறார். ஒன்றில் தனியாக. இன்னொன்றில் சித்தப்பா பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்திருக்கிறார். பின்பக்கம் பென்சிலில் 2-8-41 என்று எழுதியிருந்தது.

எங்கள் குப்பத்தில் கல்யாணத்துக்கே போட்டோ எடுத்தவர்கள் கிடையாது. மாலையும் புது வேட்டியும் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடலில் போன மறுநாள் நைனா மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார். வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு எங்கேயோ இருக்கிறார். சித்தப்பா அவரை அனுப்பிவிட்டு, அவருடைய கட்டுமரத்தையும் என்னையும் வைத்துக்கொண்டார்.

கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டேன். "நைனா எப்படிப் போனாரு?"

"இன்னா நீ, அதையே கேட்டுகினு கீற. கடலு எடுத்துக்கிச்சு." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. துணியை ஒழுங்காகத்தான் முடிந்தேன்.

வஞ்சிரம் நிறையக் கிடைத்த வாரம் அது. கை கிழிந்தும் தனியாகவே போகிறேன் என்றார். சாயங்காலம் மரத்தை நான் கட்டினேன். உள்ளே இற்றுப்போன கயிறு, மேலே பார்வைக்கு இரண்டு சுற்று புதுக்கயிறு. எப்போதும் இழுத்துப் பார்ப்பார். அன்றைக்குக் கையைக் காட்டிச் சிரித்தார். "நீ கட்டினத நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?" ஒற்றைக் கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் மிதக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் கரையில் ஒதுங்கினார்.

அவருடைய தோஸ்து ராசையா, ராயபுரத்திலிருந்து போட்டோக்கார ஆசீர்வாதத்தைக் கையோடு அழைத்து வந்தார். சித்தப்பாவுக்குப் புது வேட்டி கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"உங்க நைனாவுக்கு அவன் எடுத்தான். அவனுக்கு நாம எடுக்க வாணாவா? கரையில ஒதுங்கின பொணத்தப் பாத்தா கொயந்த பயந்துக்கும்னு அன்னிக்கு உன்ன எண்ணூர்ல அத்த வூட்ல வுட்டுட்டான். பெருசானா காட்டலாம்னு வச்சிருந்தான். காட்டத்தான் மனசு வரல போல."

"புள்ள, பின்னால நின்னு தோள அழுத்திப் புடி. சாயறாரு பாரு," என்றார் ஆசீர்வாதம்.

"கண்ணு மூடியிருக்குதே," என்றேன்.

"அத நான் படத்துல மையால தொறந்துடுவேன். உங்க நைனாவுக்கும் அப்படித்தான் செஞ்சேன்."

தோள் சில்லென்று இருந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன். படத்தில் சித்தப்பா சாயவே இல்லை, அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

மூன்று படத்தையும் ஒரே சட்டத்தில் போட்டு மாட்டியிருக்கிறேன். என் பிள்ளைகள் சின்ன வயதில் கேட்டபோது, இரண்டு பேரையும் கடல் எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். குழந்தைகள் பயந்துவிடக் கூடாது இல்லையா, கண்ணுங்களா. சித்தப்பாவும் எனக்கு அப்படித்தானே சொன்னார்.